தடையா, கட்டணமா, வைப்புத்தொகையா, வட்டார உடன்பாடா? கடல் பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி

கடலில் பிளாஸ்டிக் சேர்வதைச் சட்டம் போட்டுக் குறைக்க வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சட்டம் என்பதில்தான் குழப்பம். பையைத் தடைசெய்வதா, பைக்குக் காசு வாங்குவதா, பாட்டிலுக்கு வைப்புத்தொகை வைப்பதா, தயாரிக்கும் நிறுவனத்தின் தலையில் செலவைக் கட்டுவதா, அண்டை நாடுகளோடு உடன்பாட்டுக்குப் போவதா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும் அளவுக்குப் பணமோ ஆளோ பெரும்பாலான அரசுகளிடம் இல்லை. ஒரு கூட்டத்தொடரில் ஒரு மசோதா நகர்ந்தாலே பெரிது. எதை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியவர்களுக்கும், அப்படி முடிவெடுப்பவர்களிடம் மனு கொடுக்கப் போகிறவர்களுக்கும் இந்த ஒப்பீடு.

சட்டம் எவ்வளவு கடுமையானது என்பது இரண்டாம் பட்சம். அதை அன்றாடம் யார் சரிபார்க்கிறார், அந்தச் செலவு யார் கையிலிருந்து போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் இல்லாத சட்டம், எவ்வளவு பெரிய அபராதம் எழுதியிருந்தாலும் ஓராண்டில் தளர்ந்துவிடும்.

## முதலில் எண்ணிப் பாருங்கள்

2010ஆம் ஆண்டில் மட்டும் 192 கடலோர நாடுகளின் நிலப்பகுதியிலிருந்து 48 லட்சம் முதல் 1.27 கோடி டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குள் போயிருக்கும் என்பது 2015இல் வெளியான மதிப்பீடு. இந்த எண் மேடைப் பேச்சுக்கு உதவும், சட்டம் எழுத உதவாது. உங்கள் கரையில் ஒதுங்குவது எது என்பதே தேவையான தகவல்.

வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் ஆணையம் கடைப்பிடிக்கும் முறை எளிது. கடற்கரையில் 100 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு நான்கு முறை, ஒரே இடத்தில், கண்ணில் படும் பொருள் அத்தனையையும் வகைவாரியாக எண்ணி எழுதுவது. எடை போடுவதைவிட எண்ணுவது முக்கியம். ஒரு கிழிந்த வலை ஆயிரம் ஷாம்பு சாஷேக்களைவிட எடை அதிகம். எடைக் கணக்கு மட்டும் இருந்தால் சாஷே கண்ணிலேயே படாது. எண்ணிக்கை மட்டும் இருந்தால் வலை ஒரே பொருளாகிவிடும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் சட்டத்தின் பட்டியல் இப்படி எண்ணியதில் கிடைத்ததுதான். கரையில் அதிகம் சிக்கிய பத்துப் பொருட்களும் மீன்பிடிக் கருவிகளும் சேர்ந்தால் எண்ணிக்கையில் 70 சதவீதம் வந்தது. சட்டம் அவற்றை மட்டும் குறிவைத்தது. பாட்டில் மூடிகள் கரையில் கொட்டிக் கிடந்ததால்தான் 2024 ஜூலை 3 முதல் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

ஆறுகளையும் விட வேண்டாம். பத்துப் பெரிய ஆறுகள்தான் கடல் பிளாஸ்டிக்குக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. 2021இல் வந்த ஆய்வு, ஆற்றுவழி வரவில் 80 சதவீதத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் பொறுப்பு என்றும், நகரங்களுக்குள் ஓடும் சிற்றாறுகள் அதில் மோசமானவை என்றும் காட்டியது. ஒரு பெரிய ஆற்றுக்கு உடன்பாடு போட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு இது இடம் தரவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

- கரையில் எண்ணியதில் மேலே இருக்கும் பொருளை இந்தச் சட்டம் தொடுகிறதா?
- எத்தனை இடங்களில் சரிபார்க்க வேண்டும்? நாற்பது ஆலைகளா, நான்கு லட்சம் கடைகளா?
- செலவு யாருடையது? வரும் பணம் தனி நிதியில் நிற்குமா, பொதுக் கருவூலத்தில் கரையுமா?
- பக்கத்து மாநிலமோ நாடோ இதையே செய்யாவிட்டால் சட்டம் தாங்குமா?
- தடுக்கப்பட்ட பொருளின் இடத்தில் எது வந்து உட்காரும்?
- பலன் தெரிய எவ்வளவு காலம்?

| வழி | பொருந்தும் பொருள் | சோதனை இடங்கள் | செலவு யாருக்கு | பலன் தெரிய | எல்லை தாண்டும் கசிவு |
|---|---|---|---|---|---|
| தடை | மாற்று உள்ள இலேசான பொருட்கள் | ஆலை, இறக்குமதியில் குறைவு. கடையில் மிக அதிகம் | அரசுக்கு | மாதங்கள் | மிக அதிகம் |
| கட்டணம் | பை, கோப்பை | பில் போடும் கடைகள் | வாங்குபவருக்கு | மாதங்கள் | குறைவு |
| வைப்புத்தொகை | பாட்டில், டின் | திரும்பப் பெறும் மையங்கள் | நிறுவனம், திருப்பித் தராதவர் | 1–2 ஆண்டு | நடுத்தரம் |
| உற்பத்தியாளர் பொறுப்பு | எல்லா உறைகளும் | நிறுவனக் கணக்கு | நிறுவனம், பிறகு விலையில் | 3–5 ஆண்டு | குறைவு |
| துறைமுக, வலை விதிகள் | கப்பல் குப்பை, மீன்பிடிக் கருவி | துறைமுகங்கள் | கப்பல், படகு, அரசு | 1–2 ஆண்டு | துறைமுகங்களுக்கு இடையே அதிகம் |
| வட்டார உடன்பாடு | எல்லை கடக்கும் எதுவும் | உறுப்பு நாடுகளின் அறிக்கை | அரசுகளுக்கு | 5 ஆண்டுக்கு மேல் | கசிவை அடைப்பதே இதன் வேலை |

கால அளவுகள் தோராயமானவை. ஏற்கெனவே குப்பை சேகரிப்பு ஒழுங்காக நடக்கும் இடத்தில் சுருங்கும், இல்லாத இடத்தில் நீளும்.

## தடை

எழுத மலிவானது, அமல்படுத்த விலை உயர்ந்தது. மெல்லிய பாலித்தீன் பையை முதலில் தடைசெய்த நாடு வங்கதேசம், 2002இல். வெள்ள நேரத்தில் வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டதுதான் காரணம். ஆனால் பை சந்தையிலிருந்து போகவில்லை. கென்யா 2017 ஆகஸ்டில் போட்ட தடையில் நான்கு ஆண்டுவரை சிறை அல்லது 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம் இருந்தது. பைகள் கண்கூடாகக் குறைந்தன. அதோடு எல்லை தாண்டிய கடத்தலும் தொடங்கியது.

தடை எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். தயாரிப்பிலும் இறக்குமதியிலும் தடுத்தால் சோதிக்க வேண்டியவை சில ஆலைகளும் துறைமுகங்களும். விற்பனையில் மட்டும் தடுத்தால் ஒவ்வொரு பெட்டிக் கடைக்கும் ஆய்வாளர் போக வேண்டும். போய்ச் சிக்குவது காய்கறி விற்பவர், பையைச் செய்தவர் அல்ல.

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்குத் தடையில் தனிச் சிக்கல் உண்டு. இந்திய விதிகளில் கைப்பையின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பரில் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்ந்தது. 75க்கும் 120க்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் தடவிச் சொல்ல முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும். ஒரே பையில் மடிப்பில் ஒரு அளவு, நடுவில் வேறு அளவு வரும். எத்தனை இடத்தில் அளந்து சராசரி எடுப்பது என்று விதியில் எழுதாவிட்டால் வழக்கு முதல் வாய்தாவிலேயே தள்ளாடும். "கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் பை" என்று வடிவத்தால் வரையறுப்பது நீதிமன்றத்தில் தாங்கும்.

தடிமனை உயர்த்துவதில் இன்னொரு குழியும் இருக்கிறது. கலிபோர்னியா மெல்லிய பையைத் தடுத்து, சுமார் 57 மைக்ரான் கொண்ட தடித்த பையை "மறுபயன்பாட்டுப் பை" என்று விற்க அனுமதித்தது. மக்கள் அதையும் ஒருமுறை பயன்படுத்தி எறிந்தார்கள். எறியப்பட்ட பையின் மொத்த எடை ஏறியது. அந்த ஓட்டையை அடைக்க 2024இல் புதுச் சட்டம் தேவைப்பட்டது. அதே மாநிலத்தில் இன்னொரு பக்க விளைவு: இலவசப் பை நின்றதும் குப்பைத் தொட்டிக்கான சிறு பைகளின் விற்பனை இரு மடங்கைத் தாண்டியது.

மக்கும் பிளாஸ்டிக்குக்கு விலக்கு தரும்போது கவனம் தேவை. அதில் பெரும்பகுதி, 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறும் தொழில்முறை உர ஆலையில் மக்குவதாகச் சான்று பெற்றது. கடல் நீரில் அந்தச் சூடு இல்லை. கண்ணால் பார்த்தால் சாதாரணப் பைக்கும் அதற்கும் வேறுபாடும் தெரியாது. விலக்கு கொடுத்த நாளிலேயே ஆய்வாளரின் கையைக் கட்டிவிட்டதாக அர்த்தம்.

தடை பொருந்தும் இடம்: ஸ்ட்ரா, கலக்கும் குச்சி, காது குடையும் குச்சியின் பிளாஸ்டிக் தண்டு, தெர்மாகோல் உணவுப் பெட்டி போன்ற, மாற்று ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பொருட்கள். நோயாளிகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தேவையான ஸ்ட்ராவுக்கு விலக்கு எழுத மறக்கக் கூடாது.

## கட்டணம்

அயர்லாந்து 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் விதித்தது. ஆண்டுக்கு ஆளுக்கு 328 பை என்றிருந்த மதிப்பீடு 21க்கு இறங்கியது. சில ஆண்டுகளில் அது 30ஐத் தாண்டி ஏறியதும் 2007இல் கட்டணம் 22 சென்ட் ஆனது. வெற்றிக்குக் காரணம் தொகை மட்டும் அல்ல. கட்டணம் பில்லில் தனி வரியாகத் தெரிந்தது. கடைக்காரர் தானே ஏற்றுக்கொண்டு இலவசமாகத் தர அனுமதி இல்லை. வசூலை மதிப்புக் கூட்டு வரி வாங்கும் அதே துறை அதே கணக்கோடு வாங்கியது. புது அலுவலகம், புது ஆய்வாளர் தேவைப்படவில்லை. பணம் தனிச் சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது.

பலவீனமும் இதிலேயே இருக்கிறது. பில் போடாத கடைகள் பெரும்பான்மையாக உள்ள சந்தையில் கட்டணம் காகிதத்தில்தான் இருக்கும். விலைவாசி ஏறும்போது தொகை நிலையாக நின்றால் அதன் கூர்மை மழுங்கும்; ஆண்டுதோறும் தானாக உயரும்படி விதியிலேயே எழுதுவது நல்லது. பை, கோப்பை தவிர வேறு பொருளுக்கு இது அவ்வளவாகப் பலிப்பதில்லை. பிஸ்கட் உறைக்கு ஒரு ரூபாய் கூட்டினால் பிஸ்கட் விலை கூடியதாகத்தான் வாங்குபவருக்குத் தெரியும், உறையைத் தவிர்க்க அவருக்கு வழியில்லை.

## வைப்புத்தொகை

கரை எண்ணிக்கையில் பாட்டிலும் மூடியும் மேலே இருந்தால் யோசிக்காமல் எடுக்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து. வாங்கும்போது கூடுதலாக ஒரு தொகை, காலியைத் திருப்பித் தந்தால் அது கைக்கு வரும். சரிபார்க்கும் வேலையைப் பணமே செய்துவிடுகிறது: ஒருவர் எறிந்ததை இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு போவார்.

லிதுவேனியா 2016இல் 10 யூரோ சென்ட் வைப்புத்தொகையோடு தொடங்கியது. அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பிய பாட்டில்கள், இரண்டாம் ஆண்டு முடிவில் 92 சதவீதம் திரும்பின. 25 சென்ட் வாங்கும் ஜெர்மனியில் இது 98 சதவீத அளவில் நிற்கிறது. நார்வே இன்னொரு பூட்டையும் போட்டிருக்கிறது: பாட்டிலுக்கு ஒரு சுற்றுச்சூழல் வரி, திரும்பும் விகிதம் ஏற ஏற அது குறையும், 95 சதவீதத்தைத் தொட்டால் வரியே இல்லை. பாட்டில்களைத் திரும்பப் பெற நிறுவனங்கள் தாங்களாக ஓடுகின்றன.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். கடைக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் கையாளும் கூலி தர வேண்டும்; இல்லையென்றால் "இயந்திரம் பழுது" என்று பலகை தொங்கும். பார்கோடு ஒரு நாட்டுக்கு என்றே தனியாக இல்லாவிட்டால் பக்கத்து நாட்டுப் பாட்டில்கள் லாரியில் வந்து இறங்கிப் பணம் வாங்கும். திரும்பாத பாட்டிலின் பணம் யாருடையது என்பதும் முக்கியம். ஜெர்மனியில் அது நிறுவனங்களிடமே தங்குவதால், ஒவ்வொரு திரும்பாத பாட்டிலும் அவர்களுக்கு லாபம். அந்தப் பணத்தைத் திட்டத்தை நடத்தும் அமைப்புக்கே எழுதிவைப்பது மேல். பாட்டில் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்களை மறந்து மையங்களை அங்காடிகளுக்குள் மட்டும் வைத்தால், அவர்கள் பிழைப்பும் போகும், திரும்பும் விகிதமும் விழும். மூட்டையாகக் கொண்டுவந்தாலும் வாங்கும் மையம் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றாவது தேவை.

எல்லைச் சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜெர்மனி–டென்மார்க் எல்லைக் கடைகள். "இதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகிறேன்" என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்ட டென்மார்க்காரர்களுக்கு வைப்புத்தொகை இல்லாமல் டின்கள் விற்கப்பட்டன. இரண்டு பக்கமும் நல்ல திட்டம், நடுவில் ஒரு சந்து. ஸ்காட்லாந்தின் திட்டம் 2023இல் முடங்கியதும் உள்நாட்டு எல்லையால்தான்: கண்ணாடிப் பாட்டிலைச் சேர்க்க, பிரிட்டன் அரசு உள்நாட்டுச் சந்தைச் சட்டத்திலிருந்து விலக்கு தர மறுத்தது. மாநில அளவில் இதை யோசிப்பவர்கள் முதலில் மத்தியச் சந்தை விதியைப் படிக்க வேண்டும்.

தீவு நாட்டுக்கு நிலைமை தலைகீழ். கிரிபாட்டியில் ஏறக்குறைய எல்லாப் பானமும் கப்பலில் வருகிறது. சுங்கத்திலேயே ஒரு டின்னுக்கு 5 சென்ட் வாங்கிவிடுகிறார்கள். திருப்பித் தருபவருக்கு 4 சென்ட், மீதி 1 சென்ட்டில் திட்டம் ஓடுகிறது. சோதனை இடம் ஒன்றே ஒன்று.

## உற்பத்தியாளர் பொறுப்பு

உறையைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனமே அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது இதன் சாரம். ஜெர்மனி 1991இல் தொடங்கியது. இது குப்பையை நேரடியாகக் குறைக்கும் கருவி அல்ல, சேகரிப்புக்குப் பணம் கொண்டுவரும் கருவி. வீட்டு வாசலில் குப்பை வாங்க ஆளே வராத நகரத்தில் மற்ற எந்தச் சட்டத்தையும்விட இது அடிப்படையானது.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். முதலாவது பதிவு. காசு கட்டாமல் சந்தையில் விற்பவர்கள் பெருகியதால் ஜெர்மனி 2019இல் யாரும் பார்க்கக்கூடிய மையப் பதிவேட்டை உருவாக்க வேண்டியிருந்தது. அதில் பெயர் இல்லாத நிறுவனம் பொருளை விற்கக் கூடாது. இந்தியாவில் மறுசுழற்சி ஆலைகளின் சான்றிதழை நிறுவனங்கள் வாங்கிக் கணக்குக் காட்டும் முறையில், மறுசுழற்சியே செய்யாமல் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் உருவானது தணிக்கையில் தெரிந்தது. மின்சாரக் கட்டணத்தையும் ஆலையின் கொள்ளளவையும் சான்றிதழ் எண்ணிக்கையோடு ஒப்பிட்டாலே இதில் பெரும்பகுதி பிடிபடும்.

இரண்டாவது எடை. இலக்கு டன்னில் எழுதப்பட்டால் நிறுவனம் எடையுள்ளதைத்தான் தேடிப் போகும். பிலிப்பைன்ஸின் 2022 சட்டம், 10 கோடி பெசோவுக்கு மேல் சொத்துள்ள நிறுவனங்கள் 2023இல் 20 சதவீதத்தில் தொடங்கி 2028இல் 80 சதவீதம் மீட்க வேண்டும் என்கிறது. படிப்படியான நல்ல ஏணி. ஆனால் சாஷேயின் எடை ஒரு கிராமைச் சுற்றித்தான். பொருள் வகைக்குத் தனி இலக்கு, கடலோர மாவட்டத்துக்குத் தனிப் பங்கு என்று பிரித்து எழுதாவிட்டால் உள்நாட்டில் சேகரித்த கனமான பிளாஸ்டிக்கால் கணக்கு நிறையும், கரையில் சாஷே அப்படியே கிடக்கும். சிமென்ட் சூளையில் எரிப்பதையும் "மீட்பு" என்று சேர்ப்பதா என்பதையும் சட்டத்திலேயே தீர்த்துவிடுங்கள். விதிகளுக்கு விட்டால் எரிப்பதுதான் ஜெயிக்கும், அது மலிவு.

## துறைமுகமும் வலையும்

கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவது கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் சர்வதேச மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பின்படி 1988 டிசம்பர் 31 முதலே முழுத் தடை. குப்பைப் பதிவேடு வைக்க வேண்டிய கப்பலின் வரம்பு 400 டன்னேஜிலிருந்து 2024 மே 1 முதல் 100 டன்னேஜ் ஆகக் குறைந்தது. மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை அதற்கும் கீழே இருப்பதால் அங்கே சட்டம் இருக்கிறது, சோதனை இல்லை.

பசிபிக் பெருங்குப்பைத் திட்டில் 2018இல் செய்த ஆய்வு, சுமார் 79,000 டன்னில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள் என்றது. இதற்கு அபராதம் மிக மோசமான மருந்து. வலை தொலைந்ததைச் சொன்னால் அபராதம் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், எங்கே கிடக்கிறது என்று தெரியாது, எடுக்கவும் முடியாது. நார்வேயில் தொலைந்த வலையைத் தெரிவிப்பது கட்டாயம். 1980களிலிருந்து அரசுக் கப்பல் ஆண்டுதோறும் போய் எடுத்துவருகிறது. தென்கொரியா கடலில் கிடைத்த குப்பையை மீனவரிடம் விலைக்கு வாங்கியது. 2024 ஜனவரி முதல் பொறிக்கூடுகளில் தொடங்கிக் கருவிகளுக்கு வைப்புத்தொகையும் வைத்தது.

துறைமுகத்தில் செய்ய வேண்டியது இன்னும் எளிது: குப்பை இறக்கத் தனிக் கட்டணம் வாங்காமல் துறைமுகக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிடுவது. இறக்கினாலும் இறக்காவிட்டாலும் அதே தொகை என்றால் கடலில் போட ஆசை வராது. பால்டிக் நாடுகள் இதை அந்தக் கடலுக்கான ஆணையமான ஹெல்காம் மூலம் ஒன்றாகக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டமாக்கி, வலையில் தானாக மாட்டிவந்த குப்பைக்கும் கூடுதல் கட்டணம் கூடாது என்றது. ஒரே ஒரு துறைமுகம் இப்படிச் செய்தால் சுற்றியுள்ள கப்பல்கள் எல்லாம் அங்கே வந்து கொட்டும், செலவு அதன் தலையில் விழும். ஆகவே இது உள்நாட்டுச் சட்டமாகத் தொடங்கி வட்டார உடன்பாடாக முடிய வேண்டிய விஷயம்.

## வட்டார உடன்பாடு

ஐக்கிய நாடுகளின் வட்டாரக் கடல்கள் திட்டம் 1974இல் தொடங்கியது. இன்றுள்ள ஏற்பாடுகள் மூன்று வகை.

கட்டுப்படுத்தும் உடன்படிக்கை: மத்தியதரைக் கடலுக்கான பார்சிலோனா உடன்படிக்கை 1976இல் வந்தது. அதன் கீழ் 2013இல் ஏற்கப்பட்ட கடல்குப்பைத் திட்டமே சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் வட்டாரத் திட்டம். காகிதத்தில் வலு, ஆனால் மீறினால் அபராதம் இல்லை. அறிக்கை, குழு, அழுத்தம் அவ்வளவுதான்.

செயல்திட்டம்: தெற்காசியக் கடல்கள் செயல்திட்டம் 1995இல் ஏற்கப்பட்டது, செயலகம் கொழும்பில் உள்ள சாசெப் என்ற தெற்காசிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு. ஆசியான் நாடுகள் 2019இல் பாங்காக் பிரகடனம் வெளியிட்டு, 2021–2025க்கான செயல்திட்டம் வகுத்தன. இவை கட்டுப்படுத்தாது. ஆனால் சீக்கிரம் கையெழுத்தாகும், ஒப்புதலுக்கு நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை, கொடையாளர் நிதி வர வழி திறக்கும்.

அளவை ஒன்றாக்கும் ஆணையம்: ஆஸ்பாரும் ஹெல்காமும். ஆஸ்பாரின் ஓர் இலக்கு, கரையொதுங்கும் ஃபுல்மார் கடற்பறவைகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவற்றின் வயிற்றில் மட்டுமே 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கலாம் என்பது. வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் எல்லா நாடும் ஒரே அளவுகோலில் மாட்டிக்கொள்வதால் "எங்கள் கரை சுத்தம்" என்று தனித்தனிக் கணக்குக் காட்ட முடியாது. எங்கள் பார்வையில் வட்டார ஒத்துழைப்பின் மிகக் குறைந்த செலவிலான, மிக உருப்படியான பகுதி இதுதான்.

பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு: கடல் உடன்பாடுகளில் கடலோர நாடுகள் மட்டும் உட்காருகின்றன, ஆறோ மேலே இருந்து வருகிறது. டான்யூப் ஓடும் 10 நாடுகளில் 7 நாடுகள், அது கலக்கும் கருங்கடலுக்கான உடன்படிக்கையில் இல்லை. சாசெப்பில் நேபாளமும் பூட்டானும் உறுப்பினர்கள். ஆனால் தெற்காசியக் கடல்கள் செயல்திட்டத்தில் ஐந்து கடலோர நாடுகள் மட்டும். இதற்கு மாறாக ஆஸ்பாரில் கடலே இல்லாத சுவிட்சர்லாந்தும் லக்சம்பர்க்கும் இருக்கின்றன, ரைன் ஆற்றின் வடிநிலத்தில் இருப்பதால். புதிதாக உடன்பாடு எழுதுபவர்கள் நகலெடுக்க வேண்டியது இதை.

விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் சாட்சி. பிளாஸ்டிக் பொருட்கள் செய்ய மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணை சுமார் 1,680 டன் கடலில் கலந்தது. அதற்கு முன்பே கசிந்துகொண்டிருந்த நைட்ரிக் அமிலக் கொள்கலனை கத்தாரின் ஹமாத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் இறக்க முடியாமல்தான் கப்பல் வந்தது. ஆபத்தில் உள்ள கப்பலை எந்தத் துறைமுகம், எந்த நிபந்தனையில் ஏற்கும் என்று முன்கூட்டியே பேசிவைப்பது வட்டார உடன்பாட்டால் மட்டுமே முடியும். இழப்பீட்டிலும் அப்படித்தான். எண்ணெய்க் கசிவுக்கு என்று சர்வதேச நிதி உண்டு, குருணைக்கு இல்லை. கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு லண்டன் நீதிமன்றத்தில் 1.9 கோடி பவுண்ட் உச்சவரம்பு. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டதோ 100 கோடி டாலர். இந்த இடைவெளியை ஒரு நாட்டின் சட்டம் தனியாக நிரப்ப முடியாது.

செலவு? காலம்தான் பெரிய செலவு. கரீபியனின் கார்டஹேனா உடன்படிக்கையின் கீழ், நிலத்திலிருந்து வரும் மாசுக்கான நெறிமுறை 1999இல் கையெழுத்தாகி 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் ஒப்ப வேண்டும் என்பதால் வாசகங்கள் நீர்த்துப்போகும். சந்தா கட்டாத நாடுகளால் செயலகங்கள் இரண்டு மூன்று பேரோடு ஓடும்.

## உலக ஒப்பந்தத்துக்குக் காத்திருப்பதா?

வேண்டாம். பிளாஸ்டிக் மாசுக்கு எதிராக உலக ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் தீர்மானம் ஆனது. 2024 இறுதியில் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் பேச்சு உடன்பாடில்லாமல் முடிந்தது. உற்பத்திக்கு வரம்பு வைப்பதா என்பதில்தான் முடிச்சு. காத்திருக்காமல் பயன்படுத்தக்கூடியது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் திருத்தம். 2021 ஜனவரி 1 முதல், கலந்த, அழுக்கான பிளாஸ்டிக் கழிவை வாங்கும் நாட்டின் முன்ஒப்புதல் இல்லாமல் அனுப்பக் கூடாது. சுங்க அதிகாரிக்கு இதைச் சொல்லித்தருவது ஒரு புதுச் சட்டத்தைவிடச் செலவு குறைவு.

## எந்த நிலைமையில் எது

கரையில் பாட்டில் முதலிடம், சந்தை ஒன்றுபட்ட நாடு அல்லது தீவு: வைப்புத்தொகை. எல்லை திறந்த மாநிலம் என்றால் முதலில் மத்திய அரசிடம் பேசுங்கள்.

கரையில் சாஷேயும் உறையும் முதலிடம், குப்பை வாங்க ஆளில்லை: உற்பத்தியாளர் பொறுப்பு, வகைவாரி இலக்கோடு. தடையால் ஆரம்பித்தால் ஏழைகளின் சின்னச் சின்னக் கொள்முதலைத்தான் முதலில் அடிக்கும்.

பை முதலிடம், கடைகளில் பில் பழக்கம் உண்டு: கட்டணம். பில் பழக்கம் இல்லை, ஆலைகள் குறைவு: ஆலையில் தடை.

வலையும் மிதவையும் முதலிடம்: துறைமுகக் கட்டணத்தை மாற்றுவதும், அபராதமில்லாத் தெரிவிப்பும். மேற்சொன்ன மற்ற எதுவும் இங்கே பயன் தராது.

எண்ணியதில் பாதிக்கு மேல் வேற்று மொழி எழுத்துள்ள பொருட்கள்: உள்நாட்டுச் சட்டத்தில் நேரத்தைச் செலவழிக்காமல் வட்டார ஆணையத்தில் பொது எண்ணிக்கை முறையைக் கேளுங்கள். பார்கோடோடு புகைப்படம் எடுத்து வைத்த பட்டியல் இருந்தால் பேச்சு வேகம் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு பங்கு கப்பலில் இருந்து விழுந்ததாக இருக்கலாம். பொருளின் காலாவதித் தேதியும் கடல்பாசி ஒட்டியிருக்கும் அளவும் ஓரளவு பிரித்துக் காட்டும்.

## மசோதா எழுதும்போது

எதைத் தேர்ந்தாலும் இருப்பு விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். "ஆறு மாதத்துக்குப் பிறகு தடை" என்று மட்டும் எழுதினால், அந்த ஆறு மாதத்தில் ஆலைகள் இரண்டு ஆண்டுக்கான சரக்கைச் செய்து கிடங்கில் அடுக்கும். பிறகு பிடிபடும் ஒவ்வொரு மூட்டையும் "பழைய சரக்கு" என்று வாதாடும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இருப்பை எழுத்தில் அறிவிக்க வேண்டும், அறிவிக்காத சரக்கு பழையதாகக் கருதப்படாது, தயாரிப்புத் தடை விற்பனைத் தடைக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும் என்ற மூன்று பிரிவுகளைச் சேர்த்துவிடுங்கள். இறக்குமதிக்கு, கப்பலில் ஏற்றிய தேதியைக் கணக்கில் எடுப்பதா, துறைமுகத்தில் வந்த தேதியையா என்பதையும் எழுதுங்கள்.